கிணறு பார்த்து வீடு கொள்க

நானிலம் வகுத்த நம் முன்னோர் பாலைக்கெனத் தனியாக ஒரு நிலத்தை ஒதுக்கினாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தபோது கொள்ளும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் கருத்து. இதனை மாணாக்கருக்கு விளக்கும்போதெல்லாம் நமது யாழ்ப்பாணக் குடாநாடே என் நினைவுக்கு வரும். மார்கழியிலே வயலும் குளமும் ஒழுங்கையும் நீர் நிறைந்து கிடக்கும் இந்நாடு, ஆடியிலும் ஆவணியிலும் சோளகக் காற்றில் உலர்ந்து, புல்லுங் கருகிப் பாலையின் கோலம் பூணுகின்றது. ஆண்டுதோறும் சில திங்கள் பாலையாய்ப் போகும் நிலத்திலேதான் நாம் வீடு கட்டுகின்றோம், வாங்குகின்றோம், மக்களுக்குச் சீதனமாகக் கொடுக்கின்றோம்.

வீடு வாங்கப் புறப்படுவோர் எவற்றைப் பார்க்கின்றனர்? வளவின் பரப்பைப் பார்க்கின்றனர்; கூரையைத் தட்டிப் பார்க்கின்றனர்; வீதி எத்தனை அடி அகலமென்று அளக்கின்றனர்; கோயிலும் பள்ளியும் எவ்வளவு தூரமென்று கேட்கின்றனர். நொத்தாரிசு உறுதியைப் புரட்டிப் பார்த்துப் பிழையில்லை என்றதும் மனம் நிறைந்துவிடுகின்றது. கிணற்றடிக்குப் போய், குனிந்து பார்த்து, "தண்ணீர் நிற்கிறது" என்று சொல்லித் திரும்புவதோடு நீரைப்பற்றிய ஆராய்ச்சி முடிந்துபோகின்றது. ஓய்வு பெறும்போது கைக்கு வந்த பணம் முழுவதையும் ஒரு வீட்டிற் போட்டவர்களும், கடல்கடந்து சென்று பல்லாண்டு உழைத்து மிச்சம் பிடித்ததைத் தாய்தந்தையருக்காக இங்கே ஒரு வீட்டிற் போட்டவர்களும், முதற் கோடையிலே குடத்தைத் தூக்கிக்கொண்டு அயல்வீட்டுப் படலையடியில் நிற்கக் காண்கின்றோம். வீட்டிலே ஏனைய குறைகள் யாவற்றையும் பணங்கொண்டு திருத்தலாம். நீரின் குறை அவ்வாறு எளிதில் திருந்துவதன்று. ஆதலின், இந்நாட்டிலே வீடு கொள்வோன் முதலிற் கொள்வது கிணற்றையே என்பதும், கிணற்றை அறியாமல் வீட்டின் விலையை அறிதல் இயலாது என்பதும் இக்கட்டுரையிற் கூறப் புகுந்த பொருளாம்.

நிலத்தின் அடியில் இருப்பது என்ன?

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என ஒன்று உண்டு. அதுவும் மாரிக்கு ஓடி அராலிப் பக்கத்திற் கடனீரேரியிற் கலந்து, கோடைக்குப் பெயரளவில் நிற்பது. மலையில்லை, மலையருவியில்லை. பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடைக்கால மழையே நமக்குக் கிடைக்கும் செல்வம். அம்மழை நிலத்தினுட் புகுந்து, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி நிற்கின்றது. அதனையே நாம் கிணறு தோண்டி அள்ளுகின்றோம். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவுப்பகுதி என நாற்புறத்தும் இவ்வாறு தங்கிய நன்னீர்த் தேக்கங்கள் உள்ளன. வலிகாமத்துத் தேக்கமே அவற்றுட் பெரியது.

இந்நன்னீர் ஓர் ஏனத்தில் ஊற்றிவைத்த நீரைப்போல அடியிற் கற்றளம் உடையதன்று. அதன் அடியிலே கடல்நீர் இருக்கின்றது. உவர்நீர் கனமுடையது, நன்னீர் அதனினும் இலேசானது. எனவே நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கின்றது. நடுவே தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் இருத்தலின் அதன் வடிவத்தை அறிஞர் வில்லைக்கு ஒப்பிடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபென் என்னும் ஒல்லாந்தரும், 1901 இல் ஹெர்ஸ்பெர்க் என்னும் செருமானியரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரு கணக்கைக் கண்டனர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும் என்பதே அக்கணக்கு. இதனைக் கேட்டு மகிழ்வோர் அதன் மறுபக்கத்தையும் எண்ணுதல் வேண்டும். மேலே ஓரடி நீரை நிலையாக இறைத்துக் குறைத்துவிட்டால், கீழேயுள்ள உவர் காலப்போக்கில் நாற்பதடி மேலேறும்.

புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலவரைக் கிணறு இதற்குக் கண்கூடான சான்று. மேலே நன்னீராயிருக்கும் அக்கிணறு ஆழஞ் செல்லச் செல்ல உவராகின்றது. கீரிமலையிலோ கடலின் விளிம்பிலேயே நன்னீர் ஊறி வெளிப்படுகின்றது. நிலத்திற் புகுந்த மழைநீர் நமக்காகக் காத்திராமல் கடலை நோக்கி நடந்துகொண்டே இருக்கின்றது என்பதை அக்கேணி நமக்குச் சொல்கின்றது.

துலாவிற் பட்டை கட்டி, ஒருவர் துலா மிதிக்க ஒருவர் பட்டை பிடித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒரே கிணற்றில் நெடுநேரம் இறைக்கும்போது, கீழேயுள்ள உவர் அவ்விடத்திற் கூம்புபோல் மேலெழுகின்றது. நூறு குடம் நன்னீரில் இரண்டு குடங் கடல்நீர் கலந்தாலே அது குடித்தற்கு இனிமையற்றதாகிவிடும். ஆழத் தோண்டினால் நல்ல நீர் வரும் என்று நம்பிக் குழாய்க் கிணறு இறக்குவோர் குடாநாட்டிற் பல இடங்களில் உவரையே தேடிச் செல்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

உறுதியில் உள்ள நீர்

இனி, உறுதியைப் பார்ப்போம். நம் நாட்டுக் காணி உறுதிகளில் பரப்பும் குளியுமாக நிலவளவு கூறி, எல்லை கூறி, வீடு, கிணறு, பனை, தென்னை முதலியவற்றைக் கூறி, அதன்பின் கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும் கூறுவது வழக்கம். பலர் எல்லையோடு வாசிப்பை நிறுத்திவிடுகின்றனர். கடைசியில் வரும் இச்சிறு தொடரே கோடையிலே குடும்பத்தைக் காப்பது.

வளவுக்குள் இருக்கும் கிணறெல்லாம் வளவுக்காரனுக்கே முழுவதும் உரியதென்று கொள்ளுதல் தவறு. தகப்பன் தன் காணியை நான்கு மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது நிலம் நான்காகும்; கிணறு நான்காவதில்லை. ஒருவரின் துண்டிலே கிணறு விழும். மற்ற மூவருக்கும் பங்கு எழுதப்படும். அம்மூவரும் தத்தம் மக்களுக்குச் சீதனமும் நன்கொடையும் எழுதும்போது பங்கு மேலும் பிரியும். மூன்று தலைமுறை கழிந்தபின் பன்னிரண்டில் ஒன்று, நாற்பத்தெட்டில் ஒன்று என்று பின்னமாக நிற்கும் பங்குகளை உறுதிகளிற் காணலாம். இதனால் இருவகைத் தொல்லை உண்டாகும். கிணறு தன் வளவிலே இருந்தும் பிறர் வந்து அள்ளும் உரிமையை அறியாது வாங்கியவர் ஒருவகை. கிணறு அயல் வளவிலே இருக்க, பங்கு எழுதப்பட்டும் அங்கே செல்லும் வழியும் நீர் கொண்டுவரும் வாய்க்காலும் எழுதப்படாமையால் பங்கைப் பயன்படுத்த இயலாதவர் இன்னொரு வகை. பங்கு, வழி, வாய்க்கால் என்னும் மூன்றும் சேர்ந்தாலன்றி நீருரிமை நிறைவடைவதில்லை.

இன்னும் ஒரு கேள்வி கேட்டல் வேண்டும். பங்கு என்பது கையால் அள்ளுதற்கு மட்டுமோ, இயந்திரம் வைத்து இறைத்தற்கும் உண்டோ? பழைய உறுதிகள் இயந்திரங்களை அறியா. பங்காளர் ஒவ்வொருவரும் தத்தம் குழாயை ஒரே கிணற்றில் இறக்கும்போது வழக்குப் பிறக்கின்றது. ஆதலின் பங்காளர் எத்தனை பேர், எவர் எவ்வேளையில் இறைக்கின்றனர், கிணறு துப்புரவாக்கும் செலவை எவ்வாறு பகிர்கின்றனர் என்பவற்றை வாங்குமுன்னரே விசாரித்துக்கொள்ளுதல் நன்று. பங்கு நிலம் விற்கப்படும்போது தேசவழமைச் சட்டம் பங்காளருக்கு முன்னதாக வாங்கும் உரிமையைக் கொடுப்பதும் நினைவிலிருத்தற்குரியது. 1706 இலும் அதனையடுத்த ஆண்டிலும் ஒல்லாந்தர் தொகுத்து வகுத்த அவ்வழமை, 1947 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் இவ்விடயத்தில் வரையறுக்கப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது.

போரினால் விளைந்த சிக்கலும் உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009 இற்குப் பின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது, மதில் இடிந்து, எல்லை மறைந்து, கிணறு மண்ணும் கல்லுமாய் நிறைந்து கிடந்ததைக் கண்டோர் பலர். பங்காளருள் ஒருவர் இங்கேயும் மூவர் வெவ்வேறு நாடுகளிலும் வாழும் கிணறுகள் இன்று பலவுள. அத்தகைய வளவை வாங்குவோர், உறுதியைத் தோம்போடும் காணிப் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு அமையாமல், கிணற்றை இறைத்துச் சேறெடுத்து ஊற்றைக் கண்டபின்னரே விலை பேசுதல் வேண்டும்.

எப்பொழுது சுவைப்பது?

கிணற்றைப் பார்க்கத் தக்க காலம் ஒன்றுண்டு. அதனை நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியாற் கூறுவேன். என் பழைய மாணாக்கர் ஒருவர் வெளிநாட்டில் வாழ்பவர். தாயாருக்கென ஒரு வீடு வாங்க விரும்பித் தைப்பொங்கலுக்கு வந்திருந்தார். கடலோரத்தை அடுத்த ஓர் ஊரில், அவருடைய தாய்வழிச் சொந்தக்காரர் வாழும் ஒழுங்கையில், நல்ல கல்வீடு ஒன்று விலைக்கு இருந்தது. என்னையும் அழைத்துச் சென்றார். கிணற்றில் நீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. அள்ளிக் குடித்துப் பார்த்து, "நல்ல தண்ணீர், சேர்" என்று மகிழ்ந்தார். வேலிக்கப்பால் முற்றங் கூட்டிக்கொண்டு நின்ற முதியவளொருத்தி சிரித்தாள். "தம்பி, இப்ப குடிச்சுப் பாத்து என்ன? ஆவணியிலை வந்து குடிச்சுப் பாரும்" என்றாள்.

அவர் விலையை முடிக்காமல் திரும்பிச் சென்றார். ஆவணியில் நான் அவருக்காக அங்கே போனேன். அதே கிணற்றில் நீர் அடியோடு கிடந்தது. நாவில் வைத்தால் உவர்த்தது. அவ்வொழுங்கையார் குடிநீரை அரைமைல் தொலைவிலுள்ள கோயிற் கிணற்றிலிருந்து சைக்கிளிற் கட்டிவருவதையும் கண்டேன். நண்பர் அவ்வீட்டை வேண்டாமென்று விடவில்லை. தாயார் தம் உறவினரிடையே வாழவேண்டுமென்பதே அவர் விருப்பம். ஆனால், மழைநீர்த் தாங்கி கட்டும் செலவைக் கணக்கிட்டு, அதனை விலையிற் கழித்துப் பேசி வாங்கினார். விற்றவரும் நேர்மையானவர், மறுக்கவில்லை. அறிந்து வாங்கியமையால் ஏமாற்றமும் இல்லை, பகையும் இல்லை.

ஆகவே தையிலே ஒருமுறையும் ஆவணி புரட்டாதியில் ஒருமுறையும் கிணற்றைப் பார்த்தல் வேண்டும். அதற்கு வாய்ப்பில்லாதவர் அயலவரிடம் கேட்டல் வேண்டும். கிணற்றைப்பற்றி விற்பவர் கூறுவதினும் அயல்வீட்டார் கூறுவது பெரும்பாலும் மெய்ம்மைக்கு அணித்தாயிருக்கும்.

நாவினால் அறியக்கூடியவை சில, அறியவொண்ணாதவை சில. உவரை நா அறியும். சுண்ணாம்பு மிகுந்த நீரை அடுப்படி அறியும். பருப்பு எளிதில் வேகாது, சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெண்மையான படை படியும். ஆனால் நைத்திரேற்று என்னும் பொருளை நாவும் அறியாது, கண்ணும் அறியாது. தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் அது நிலத்தடி நீரிற் சேர்கின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் கூடாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. வலிகாமத்துச் செம்பாட்டுத் தோட்டப் பகுதிகளிலுள்ள கிணறுகள் பலவற்றில் அவ்வளவைக் கடந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். கைக்குழந்தைகளுக்கு இது பெருந் தீங்கு. அவர்களின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம்பாரிக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும், நைத்திரேற்று மடியாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இதனை ஒவ்வொரு தாயும் அறிந்திருத்தல் வேண்டும்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியை மறந்தாரில்லை. அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெயால் நிலத்தடி நீர் கெட்டதென்ற வழக்கில், 2019 ஏப்ரல் 4 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட மக்களுக்கென 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. ஒரு வளவுக்குள் ஊற்றப்படுவது பல வளவுகளின் கிணற்றில் வந்து தோன்றும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. சுண்ணக்கற் பாறையின் பொந்து வழியே நீர் விரைந்து செல்லும். எனவே மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பதடி விட்டோம் என்று அமைந்துவிடாமல், தன் வளவின் குழியோடு அயல் வளவுகளின் குழிகளும் எங்கெங்கே உள்ளன என்று பார்த்து, நீரை ஆய்வுகூடத்திற் கொடுத்துச் சோதித்தபின் வாங்குதல் அறிவுடைமை. வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அச்சோதனைச் செலவு மிகச் சிறியது.

ஒரு குடும்பத்தின் நீர்க்கணக்கு

இனிச் செலவைக் கணக்கிடுவோம். ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குடித்தல், சமைத்தல், குளித்தல், துவைத்தல், கழுவுதல் யாவும் சேர்த்து ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் எனக் கொண்டால், நாளுக்கு 600 லீற்றர். திங்களுக்கு 18,000 லீற்றர். குழாய்நீர்ப் பட்டியலில் 1,000 லீற்றர் ஓர் அலகு. ஆகவே இக்குடும்பத்துக்குத் திங்களுக்கு 18 அலகு வேண்டும்.

நல்ல கிணறு உள்ள வீட்டில் இதற்கு வரும் செலவு யாது? ஒரு குதிரைவலு இயந்திரம் ஏறக்குறைய ஒரு கிலோவாற்று மின் கொள்ளும். நாளுக்கு அரைமணி நேரம் ஓடினால் இத்தேவை தாராளமாக நிறைவேறும். திங்களுக்கு 15 அலகு மின்சாரம், அவ்வளவே. இயந்திரத்தின் தேய்மானத்தையும் ஆண்டுக்கொருமுறை கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் கூலியையும் இதனோடு கூட்டிக்கொள்க.

கிணறு உவரான வீட்டில் கணக்கு வேறாகும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லீற்றர் மட்டும் வெளியிலிருந்து வாங்கினாலும் திங்களுக்கு 1,500 லீற்றர். கிணறு அறவே பயன்படாத வீட்டிலோ 18,000 லீற்றரும் பவுசரில் வரவேண்டும். 6,000 லீற்றர்ப் பவுசர் திங்களுக்கு மூன்றுமுறை படலையடிக்கு வரவேண்டும். பவுசர் வரத்தக்க அகலம் ஒழுங்கைக்கு உண்டோ என்பதும் அப்பொழுது ஒரு கேள்வியாகும். அவ்வூரிற் பவுசர் நீரின் விலை யாதெனக் கேட்டு, அதனைக் கோடைத் திங்கள்களின் தொகையாற் பெருக்கி, மீண்டும் பத்தாண்டாற் பெருக்கிப் பார்க்க. மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்த வீடு உண்மையில் மலிவானதோ என்பது அப்பெருக்கத்தில் வெளிப்படும்.

உவரகற்றும் வடிகருவியை வீட்டிலே பொருத்துவோரும் இன்று உளர். அதன் விலையைக் கேட்போர், அதன் சவ்வுகளைக் காலத்துக்குக் காலம் மாற்றும் செலவையும் கேட்பதில்லை. மேலும், ஒரு லீற்றர் நல்ல நீரைத் தரும் அக்கருவி இரண்டு மூன்று லீற்றரைக் கழித்து வெளியேற்றும். அக்கழிநீர் மிகுந்த உவருடன் மீண்டும் நம் நிலத்திற்கே செல்கின்றது.

மழைநீரைத் தாங்கியிற் சேர்ப்பது யாவற்றினும் எளிய வழி. ஆயிரஞ் சதுர அடி ஓட்டுக் கூரையை நோக்குக. அஃது ஏறத்தாழ 93 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். ஆண்டிலே 1,200 மில்லிமீற்றர் மழை பெய்து, ஐந்தில் நான்கு பங்கு நம் கைக்கு வருமெனினும் 89,000 லீற்றருக்கு மேல் கிடைக்கும். கோடையின் 120 நாளுக்கும் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லீற்றராக வேண்டுவது 6,000 லீற்றரே. முதல் மழையைக் கூரை கழுவிப் போகவிட்டு, பின்வரும் மழையைப் பீலியிற் பிடித்து, ஒளிபுகாத தாங்கியில் மூடிவைத்தால் ஒரு குடும்பம் கோடையைக் கடந்துவிடும். கூரை நல்லதோ என்று பார்க்கும்போதே, அது நீர்பிடிக்கத் தக்கதோ என்றும் பார்த்துக்கொள்க.

குழாய்நீரைப்பற்றியும் ஒரு சொல். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துநீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு அங்குள்ள உழவர் தம் வயல்நீர் குறையுமென்று அஞ்சி மறுப்புத் தெரிவித்தனர். அதன்பின் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து, 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரத்தக்க அந்நிலையம் உவர்நீரால் வருந்தும் ஊர்களுக்குப் பெரும்பேறு. எனினும் அதன் விலையையும் உணர்தல் வேண்டும். கடல்நீரிலிருந்து ஓர் அலகு நன்னீரைப் பிரிக்க மூன்று முதல் நான்கு அலகு மின்சாரம் செலவாகும். மேற்கூறிய குடும்பத்தின் 18 அலகு நீருக்கு 54 முதல் 72 அலகு மின்சாரம். கிணற்றிலிருந்து அதே நீரை அள்ள 15 அலகு போதுமென்று கண்டோம். இவ்வேற்றுமையை நாம் செலுத்தும் பட்டியல் முழுவதும் காட்டாதிருக்கலாம். நாடு எங்கேனும் அதனைச் செலுத்தியே ஆகவேண்டும். குழாய் வந்துவிட்டதென்று கிணற்றைக் குப்பைக்குழியாக்குவோர் இதனை எண்ணுவாராக. வீடு வாங்குவோர், வீதியிற் குழாய் கிடக்கின்றது என்ற பேச்சோடு நில்லாமல், வீட்டுக்கு இணைப்பு உண்டோ, நாளில் எத்தனை மணி நீர் வருகின்றது, இணைப்புக் கட்டணம் செலுத்தப்பட்டதோ என்று வினாவுதல் வேண்டும்.

வேலி பிரிக்காத பொருள்

இத்துணையும் வாங்குவோனுடைய நன்மை நோக்கிக் கூறினோம். வாங்கியபின் அவனுக்கு உண்டாகும் கடமை ஒன்றுளது. நிலத்தை வேலி பிரிக்கின்றது. நிலத்தடி நீரை எவ்வேலியும் பிரிப்பதில்லை. என் கிணற்றில் நான் மிகுதியாக இறைத்தால் உவர் என் கிணற்றோடு நிற்பதில்லை. என் மலக்குழி என் வளவுக்கு மட்டும் உரியதன்று. பங்குக் கிணறு என்று உறுதியில் எழுதப்படாவிடினும், ஓரூரிலுள்ள கிணறுகளெல்லாம் உண்மையிற் பங்குக் கிணறுகளே.

இதனை நம்மவர் எக்காலத்தும் உணர்ந்திருந்தனர் என்று பெருமை பேசுதற்கு இல்லை. தாகத்தோடு நின்றவரைச் சாதி கூறிக் கிணற்றடியிலிருந்து விலக்கிய பழி நம் ஊர்களுக்கு உண்டு. தமக்கெனக் கிணறு இல்லாதவர், பிறர் அள்ளி ஊற்றும்வரை காத்துநின்ற நாள்களை நினைவிற்கொண்ட முதியோர் இன்னும் வாழ்கின்றனர். 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. மனம் மாறச் சட்டத்தினும் நெடுங்காலம் சென்றது. அடியிலே ஒன்றாய்க் கிடக்கும் நீரை மேலே நின்று வேறாக்கியோர் நீரின் இயல்பை அறியாதவரே.

குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்தன. அவை குளிக்கவும் மாடு கழுவவும் மட்டும் அமைந்தனவல்ல. மாரிநீரைத் தேக்கி நிலத்தினுள் இறக்கிக் கிணறுகளை ஊட்டும் வாயில்கள் அவை. அவற்றுட் பல இன்று தூர்ந்தன. சில வளவுகளாகவே மாறிவிட்டன. வாங்கப்போகும் காணி பழைய குளமோ, வெள்ளவாய்க்காலோ என்று ஊர்ப் பெரியோரைக் கேட்டறிக. குளத்தை நிரப்பிய நிலத்தை வாங்குவோன் மாரியில் வெள்ளத்தையும் கோடையில் வறட்சியையும் சேர்த்தே வாங்குகின்றான். 1954 இலே நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி வடமராட்சிப் பக்கம் திருப்பி, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு உண்டாக்கும் திட்டத்தை வகுத்தார். அது முழுமை பெறவில்லை. பெரிய திட்டங்கள் நிறைவேறும்வரை நாம் வாளாவிருத்தல் வேண்டுவதில்லை. முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடாமல் விடலாம். கூரைநீரை வீதிக்கு ஓடவிடாமல் வளவிலேயே குழி அமைத்து இறக்கலாம். ஒழுங்கைக்கு ஒரு குளமேனும் தூர்வாரலாம். இவற்றுக்கு அரசின் ஆணையும் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அம்முறைவைப்பின் பொருளை நாம் மாணாக்கருக்கு விரிவாக எடுத்துரைக்கின்றோம். காணி வாங்கும்போதும் வீடு கட்டும்போதும் அம்முறையை நினைத்தல் நம் கடன். பிள்ளைக்கு வீடொன்றை எழுதிக் கொடுக்கும் தந்தை, நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிடுமுன், கிணற்றடிக்கு அப்பிள்ளையை அழைத்துச் சென்று, இதில் எவரெவர்க்குப் பங்குண்டு, எத்திங்களில் நீர் எவ்வளவு இறங்கும், எந்நாளில் உவர் தட்டும், எவ்வளவுக்கு மேல் இறைத்தலாகாது என்பவற்றை வாய்விட்டுச் சொல்லிக்கொடுப்பாராக. உறுதியில் இடம்பெறாத அவ்வறிவும் சீதனத்தின் ஒரு பகுதியே.